மார்ச் 31-ல் உண்மையில் என்ன முடிகிறது?

பிப்ரவரி பாதி தாண்டியதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்தப் பேச்சும் ‘மார்ச் முடியறதுக்குள்ள’ என்றுதான் தொடங்குகிறது. அடகு நகையைத் திருப்பி வைக்க வேண்டும். குழுக் கடன் தவணை நிலுவையில்லாமல் இருக்க வேண்டும். பிளஸ் டூ எழுதும் பிள்ளை ஐந்நூறைத் தாண்ட வேண்டும். ஓசூர் சிப்காட்டில் இருக்கும் சிறு பட்டறை கையில் உள்ள ஆர்டரை 31-ஆம் தேதிக்குள் அனுப்பிவிட வேண்டும். சம்பளக்காரர் வரியை மிச்சம் பிடிக்க ஏதாவது பாலிசி போட வேண்டும். இத்தனையும் ஒரே மாதத்தில் ஒரே வீட்டின் மேல் விழும்போது எது உண்மையிலேயே அவசரம், எது அடுத்தவர் அவசரம் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது.

இந்தப் பதற்றத்தைச் சுபாவக் குறையாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ‘கொஞ்சம் அமைதியா இரு’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் தேதிகள் எங்கிருந்து வருகின்றன, தவறினால் எவ்வளவு நஷ்டம் என்று தெரியாதவரை யாராலும் அமைதியாக இருக்க முடியாது. அதனால் முதலில் தேதிகளைப் பார்ப்போம். மனம் அதன் பிறகு.

ஒரே மாதத்தில் குவியும் ஆண்டுகள்

‘ஆண்டு முடிவு’ என்று நாம் சொல்வது ஒரே ஆண்டின் முடிவு கிடையாது.

1. நிதி ஆண்டு. ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடியும் அரசுக் கணக்கு ஆண்டு. 1867-க்கு முன்பு இந்தியாவில் இது மே 1-ல் தொடங்கியது. பிரிட்டிஷ் அரசின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக ஏப்ரலுக்கு மாற்றினார்கள். இதை மாற்றலாமா என்று ஆராய 2016-ல் மத்திய அரசு சங்கர் ஆச்சார்யா தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. தேதி மாறவில்லை. நம் மழைக்கும் அறுவடைக்கும் தொடர்பில்லாமல், கணக்கு எழுதும் வசதிக்காக வைத்த கோடு இது.

2. கல்வி ஆண்டு. ஜூனில் பள்ளி திறக்கிறது, மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் முடிவுகள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் 600-க்கு.

3. விளைச்சல் ஆண்டு. இதற்கு அரசாணை கிடையாது, பருவம்தான் தேதி. தையில் தொடங்கிப் பங்குனி வரை புளி உலுக்கும் காலம். மாமரங்கள் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் காலமும் அதுவே. கையில் காசு வருவதற்கோ இன்னும் சில மாதங்கள் ஆகும்.

டிசம்பர் 31-ஐத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது பெரும்பாலும் வாழ்த்துச் செய்திகளோடும் தீர்மானங்களோடும் போய்விடும். நம் பக்கத்தில் வீட்டை நெரிப்பது மார்ச்தான்.

முதல் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் மோதும் இடத்தில் இழப்பு கண்ணுக்குத் தெரியும். புளியை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தை உலுக்கிக் கொண்டுவந்த பிறகு வேலை முடிவதில்லை. காய வைக்க வேண்டும், ஓடு உடைக்க வேண்டும், நார் உரிக்க வேண்டும், சிறு சுத்தியலாலோ கட்டையாலோ தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரிக் கிராமங்களில் இந்த மாதங்களில் திண்ணை தோறும் பெண்கள் உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். கொட்டைப்புளியாக விற்றால் ஒரு விலை, கொட்டை எடுத்த புளிக்கு அதைவிட நல்ல விலை, குளிர்பதனக் கிடங்கில் வைத்து நிறம் கறுக்காமல் பிறகு விற்றால் இன்னொரு விலை. இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் வேண்டியது நாட்கள்தான். மார்ச் 31-க்குள் தவணை கட்ட வேண்டும் என்ற நெருக்கடி உள்ளவர் அந்த நாட்களை வாங்க முடியாமல், எல்லாரும் சரக்கு கொண்டுவரும் வாரத்திலேயே, ஈரம் காயாத புளியை மண்டியில் இறக்குகிறார். வரத்து அதிகம் என்று ஒரு குறைப்பு, ஈரம் என்று ஒரு குறைப்பு.

மாந்தோப்பிலும் இதே கதை. பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் தரும் விலை தெரிய வருவது ஜூன் வாக்கில். ஆனால் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கிக்கொள்பவர்கள் பலர். பணத் தேவை மார்ச்சில் வருகிறது, பழம் மார்ச்சில் வருவதில்லை. இடைப்பட்ட மூன்று மாதத்துக்கான விலையைத்தான் விவசாயி தள்ளுபடியாகக் கொடுக்கிறார்.

அவசரம் யாருடையது?

அடுத்த கேள்வி, இந்த அவசரம் எங்கே பிறக்கிறது என்பது. ‘டார்கெட்’ என்ற சொல்லை இங்கே ஒரு வரியில் வரையறுத்துக்கொள்வோம்: ஒரு நிறுவனம் தன் மேலிடத்துக்குக் காட்டுவதற்காக வைத்துக்கொள்ளும் எண். அந்த எண் படி இறங்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் பெயர் மாறுகிறது. தலைமை அலுவலகத்தில் அது ‘வசூல் விகிதம்’. கிளையில் ‘மார்ச் க்ளோசிங்’. களப்பணியாளரிடம் ‘இன்னும் எட்டு பேர் பாக்கி’. கடைசியாக வாசலில் நிற்கும் பெண்ணிடம் வரும்போது ‘இன்னைக்கே கட்டிடுங்கக்கா, இல்லேன்னா பிரச்சினையாயிடும்’. அது யாருடைய பிரச்சினை என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்வதில்லை.

பள்ளியிலும் இந்தப் படிக்கட்டு உண்டு. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், தமிழகத்திலேயே மிகக் குறைவு. கிருஷ்ணகிரி 71.46. இந்தப் பின்னணியில் மாவட்டத் தேர்ச்சி விகிதத்தை உயர்த்த வேண்டும் என்று அதிகாரிகளும் ஆசிரியர்களும் நினைப்பது நியாயமே. அதற்காக உழைக்கும் ஆசிரியர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்பது பள்ளியின் இலக்கு. ஒரு மாணவியின் இலக்கு அதுவல்ல. அவளுக்கு வேண்டியது தன் மதிப்பெண்ணும் அதன் பிறகு போகும் வழியும். காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு என்று பள்ளியின் கவலை முழுவதையும் அவள் தலையில் ஏற்றினால் இரண்டு இலக்குமே கெடும். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் முறையைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. வீடுகளில்தான் அது இன்னும் நிற்கவில்லை.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆண்டு முடிவு அவசரத்தை அரசின் சொந்த விதியே தவறு என்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 62-ஆம் விதி, நிதி ஆண்டின் கடைசி மாதங்களில் அடித்துப் பிடித்துச் செலவு செய்வதை நிதி ஒழுங்கு மீறலாகக் கருத வேண்டும், தவிர்க்க வேண்டும் என்று சொல்கிறது. ஒதுக்கிய தொகையில் கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச் மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்பது மத்தியத் துறைகளுக்கான வழக்கமான வரம்பு. காரணம் எளிது. மார்ச்சில் போட்ட சாலையும் மார்ச்சில் வாங்கிய சாமானும் யோசித்துச் செய்தவையாக இருக்காது என்பதை நிதித்துறை அனுபவத்தில் கண்டிருக்கிறது. துறைகளுக்கே இப்படி ஒரு தடுப்பு தேவைப்படும்போது குடும்பத்துக்கு எவ்வளவு தேவை!

அவசரத்தில் மூளைக்கு என்ன ஆகிறது?

நெருக்கடி வந்தால்தான் வேலை ஓடும் என்று நம்புபவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு செய்த சோதனையில், எளிய வேலையை எலிகள் வலுவான தூண்டுதலிலும் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வேலை கடினமாக ஆக, தூண்டுதல் மிதமாக இருந்தபோதுதான் கற்றல் நன்றாக நடந்தது. மூட்டை தூக்குவதற்குப் பரபரப்பு உதவும். வகை நுண்கணிதத்துக்கும் கடன் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுவதற்கும் உதவாது.

உடலில் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசால் என்ற சுரப்பு ஏறுகிறது. ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் இது நல்ல ஏற்பாடு. ஆனால் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி, அதாவது திட்டமிடுவது, ஒப்பிட்டுப் பார்ப்பது, ‘இரு, யோசிப்போம்’ என்று நம்மை நிறுத்துவது ஆகியவற்றைச் செய்யும் பகுதி, இந்த நேரத்தில் மங்குகிறது. செயல்நினைவும் சுருங்குகிறது. இரண்டு மூன்று செய்திகளை ஒரே சமயத்தில் மனதில் வைத்துக் கணக்குப் போடும் இடத்துக்குத்தான் செயல்நினைவு என்று பெயர். ‘வீட்டில் தெரிந்த கணக்கு ஹாலில் வரவில்லை’ என்று பிள்ளைகள் சொல்வது சாக்குப்போக்கு கிடையாது.

இதைப் பணத்தோடு சேர்த்துக் காட்டிய ஓர் ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய அந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. கரும்புக்காரருக்கு வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, வெட்டி ஆலைக்கு அனுப்பிய பிறகு வரும். பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டுக்கு முன்பு கை வறண்டிருக்கும், நகை அடகில் இருக்கும். வெட்டிப் பணம் வந்த பின்பு மூச்சு விடலாம். ஒரே விவசாயியிடம் வெட்டுக்கு முன்பும் பின்பும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். படங்களில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிப்பது போன்ற சோதனை, படிப்பறிவு தேவைப்படாதது. வெட்டுக்கு முன்பு அவர்களின் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது, பின்பு கூடியது. ஆள் அதேதான். நாலைந்து மாதத்தில் யாரும் அறிவாளியாகவோ மந்தமாகவோ ஆகிவிடவில்லை. பணக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே.

இதிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரியும் ஒன்று: மார்ச் மாதக் கடைசி வாரம்தான் ஒரு குடும்பத்தின் யோசிக்கும் திறன் மிகக் குறைவாக இருக்கும் வாரம். பெரிய முடிவுகளை அந்த வாரத்திலா எடுப்பது? இருந்தும், நீண்டகாலப் பாலிசிக்குக் கையெழுத்து வாங்க வருபவரும், பழைய கடனை மூடப் புதிய கடன் தர வருபவரும் அந்த வாரத்தில்தான் படியேறுகிறார்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவது பெரும்பகுதி தூக்கத்தின்போது. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை என்பது மருத்துவப் பரிந்துரை. தேர்வுக்கு முந்தைய இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து இன்னும் நான்கு பாடத்தைப் புரட்டும் பிள்ளை, ஏற்கெனவே படித்த பத்துப் பாடத்தைப் பலவீனமாக்கிக்கொள்கிறது.

கெடுக்களைத் தரம் பிரிப்பது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு கடைசித் தேதிக்கும் ‘தவறினால் சரியாக என்ன நடக்கும், எத்தனை ரூபாய், எத்தனை நாள்?’ என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மார்ச் தேதிகள் மூன்று தரமாகப் பிரிகின்றன.

முதல் தரம்: தவறினால் திரும்ப வராதவை. இவை மிகக் குறைவு.

1. பொதுத்தேர்வு நாளும் நேரமும்.

2. ஜி.எஸ்.டி.யில் இணக்க வரித் திட்டத்துக்கு (காம்போசிஷன், அதாவது விற்றுமுதலில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) மாற விரும்பும் சிறு வணிகர், அடுத்த நிதி ஆண்டு தொடங்குவதற்கு முன், அதாவது மார்ச் 31-க்குள், விருப்பம் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். இது உண்மையான கெடு.

3. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர், சேமிப்புக்கான 1.5 லட்சம் ரூபாய்க் கழிவைப் பெற நிதி ஆண்டுக்குள் பணம் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொய்யான அவசரம் அதிகம் நடக்கும் இடம் இது. 2023-24 முதல் புதிய வரி முறைதான் இயல்பான முறை. அதில் அந்தச் சேமிப்புக் கழிவே கிடையாது. 2025-26 நிதி ஆண்டில் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் மாதம் 45,000 ரூபாய் வாங்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சம்பளம் 5.4 லட்சம். கட்ட வேண்டிய வரி சுழியம். ‘வரி மிச்சமாகும் சார், முப்பத்தொண்ணு கடைசி’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர் ஆண்டுக்கு 30,000 ரூபாய் பிரீமியத்தில் பதினைந்து வருடப் பாலிசி எடுத்தால், வரியில் ஒரு ரூபாயும் மிச்சமில்லை, 4.5 லட்சத்துக்குக் கட்டுப்பட்டதுதான் மிச்சம். காப்பீடு தேவையென்றால் எடுக்கட்டும், ஜூனிலும் எடுக்கலாம். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது: பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துத் திருப்பலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும்.

இரண்டாம் தரம்: தவறினால் சிறு செலவோடு சரிசெய்யக்கூடியவை.

1. பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், செல்வமகள் சேமிப்பில் 250 ரூபாய் போட வேண்டும். மறந்துவிட்டால் ஆண்டுக்கு 50 ரூபாய் அபராதம் கட்டி, விட்டுப்போன தொகையையும் போட்டுக் கணக்கை உயிர்ப்பிக்கலாம். இதற்காக அஞ்சலகத்தில் 31-ஆம் தேதி நெரிசலில் நிற்பவர்களைப் பார்த்தால் மனது கஷ்டமாக இருக்கிறது. பயமுறுத்தியவர்கள் அபராதம் 50 ரூபாய்தான் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

2. ஜி.எஸ்.டி. மாத விவரத் தாக்கலில் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், பரிவர்த்தனை இல்லாத மாதமானால் 20 ரூபாய், வரி பாக்கி இருந்தால் வட்டி தனி. மார்ச் மாதத்துக்கான விவரம் மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஏப்ரல் 20-ல்தான் வருகிறது.

3. நகராட்சி, மாநகராட்சிச் சொத்து வரி. இதில் வேடிக்கை, பலன் அவசரக்காரருக்கு இல்லை. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டுபவருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். மார்ச் 31-ல் முட்டிமோதிக் கட்டுபவருக்கு அது கிடையாது.

மூன்றாம் தரம்: நமக்குச் சொந்தமில்லாத கெடுக்கள். கிளையின் டார்கெட், முகவரின் போட்டி, பள்ளியின் விகிதம், சொந்தக்காரர் பிள்ளையின் மதிப்பெண். தவறினால் நஷ்டம் இன்னொருவருக்கு, சங்கடம் மட்டும் நமக்கு.

கடன் தவணை எந்தத் தரம் என்று கேட்பீர்கள். இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும்: கடன் உண்மையான கடமை. தாமதம் கடன் வரலாற்றில் பதியும், வட்டி கூடும். ஆனால் அதன் கெடு உங்கள் பாஸ்புத்தகத்தில் இருக்கும் தேதி, மார்ச் 31 கிடையாது. பொதுவான கடன் ஒன்று வாராக்கடன் ஆவது 90 நாட்களுக்கு மேல் தவணை நிலுவையில் இருந்தால்தான். பயிர்க்கடனுக்குக் கணக்கு பயிர்ப் பருவத்தை வைத்து. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்பதால் அந்தத் தேதி ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. அது ஜூலையில் வந்தால் ஜூலையில் கட்டுங்கள். மார்ச்சில் யாரோ விரட்டுகிறார்கள் என்று நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கைமாற்று வாங்கி வட்டியில்லாக் கடனை மூடுவதில் அர்த்தமே இல்லை.

குழுக் கடனுக்கும் வரம்புகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் வழிமுறைகளின்படி, குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொடர்புகொள்ளக் கூடாது. வசூல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும். கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறையாவது அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். மார்ச் மாதத்துக்கென்று இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

சிறு தொழில் நடத்துபவருக்கு ஒரு நல்ல செய்தியும் இதே தேதியில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டி மார்ச் 31-ல் பாக்கி வைத்திருந்தால், வாங்கிய நிறுவனம் அதை அந்த ஆண்டுச் செலவாக வரிக்கணக்கில் காட்ட முடியாது. 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி. ஆகவே மார்ச்சில் ஓட வேண்டியவர் பெரிய கம்பெனிக்குப் போல்ட், நட்டு செய்து தரும் ஓசூர்ப் பட்டறைக்காரர் அல்லர், பணம் தர வேண்டியவர். பாக்கிப் பட்டியலை பிப்ரவரியிலேயே எடுத்து அனுப்பிவிட்டால் போதும். அதைச் செய்யாமல் 31-ஆம் தேதிக்குள் லாரியை ஏற்றிவிட இரவு முழுக்க ஆட்களை நிறுத்தி, கண் சொருகும் ஓட்டுநரைத் தொப்பூர் கணவாய் வழியாக அனுப்புவதில் என்ன லாபம்? அந்தச் சரிவில் கனரக வாகனம் தாழ்ந்த கியரில், மெதுவாகத்தான் இறங்க வேண்டும். வேகமாக இறங்கி பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பு விடும்.

தேர்வறையில் உள்ள பத்து நிமிடம்

பொதுத்தேர்வு முதல் தரக் கெடு என்றோம். ஆனால் அதன் அமைப்பைக் கவனித்தால் நிதானத்துக்கு அதிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வருகிறது. 10.10 வரை படிக்க மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க. எழுதும் நேரம் 10.15 முதல் 1.15 வரை, முழுதாக மூன்று மணி நேரம்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் வீணாக்குகிறார்கள். முதல் பக்கத்தில் தெரியாத ஒரு மதிப்பெண் கேள்வியில் கண் மாட்டிக்கொள்ளும், நெஞ்சு படபடக்கும், மீதி ஒன்பது நிமிடம் அதிலேயே போகும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பின்பக்கத்திலிருந்து, அதாவது பெரிய கேள்விகளிலிருந்து படித்து வர வேண்டும். ‘அல்லது’ கேள்விகளில் எதை எழுதுவது என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டும்.

2. தெரியாத கேள்விக்கு நிற்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70-க்கு, செய்முறை 20, அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று போவதால் எதுவும் கவிழாது.

3. படபடப்பு அடங்கவில்லை என்றால் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் சில நிமிடம் செய்தால் இதயத் துடிப்பு இறங்கும். இது உடலியல், மந்திரம் இல்லை.

தேர்வுக்குச் சற்று முன்பு பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்ததாக 2011-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதிகம் பயப்படும் பிள்ளைகளுக்கே அது கைகொடுத்தது. பள்ளி வாசலில் கடைசி நிமிடம் வரை கைடைப் புரட்டுவதைவிட இதை முயன்று பார்க்கலாம்.

முன்கூட்டிச் செய்யக்கூடியவை

அவசரம் மார்ச்சில் வெடித்தாலும் பெரும்பாலும் அது ஜனவரியில் போட்ட தப்புக் கணக்கிலிருந்தே வருகிறது. 1994-ல் வெளிவந்த ஒரு கனடிய ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கு மேல். மிக மோசமான கணக்கையும் தாண்டிவிட்டது. இதைத் திட்டப் பிழை என்பார்கள்: வேலையை மனதில் ஓட்டிப் பார்க்கும்போது காய்ச்சல், காது குத்து, கரண்ட் கட், ஊர்த் திருவிழா எதையும் நாம் சேர்ப்பதில்லை. இதற்கு மருந்து, போன முறை உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று பார்த்து அதையே இந்த முறைக்கும் வைத்துக்கொள்வது.

வீட்டில் தை மாதமே செய்து வைக்க இரண்டு வேலை சொல்லலாம். ஒன்று, எல்லாப் பாஸ்புத்தகத்தையும் பாலிசியையும் எடுத்து வைத்து, உண்மையான தேதியையும் தவறினால் ஆகும் செலவையும் ஒரே தாளில் எழுதுவது. நகைக்கடன் புதுப்பிக்கும் தேதியை இதில் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் முழுப் பணத்தையும் கட்டி மீட்டு மறுபடி வைக்கச் சொல்லும்போது ஒரே நாளுக்காகத் தனியாரிடம் கொடுமையான வட்டிக்கு வாங்குபவர்கள் இங்கே அதிகம். மாதாமாதம் வட்டியையாவது கட்டி வந்தால் அந்த நாள் பாரம் குறையும். இரண்டு, மார்ச் 20-க்குப் பிறகு புதிய கையெழுத்து எதுவும் போடுவதில்லை என்று வீட்டில் பேசிவைத்துக்கொள்வது. ‘ஏப்ரலில் வாங்க, பேசலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு நல்லதாக இருந்த திட்டம் ஏப்ரலிலும் நல்லதாகவே இருக்கும். இருக்காது என்று சொல்பவர் தன் கணக்கைப் பேசுகிறார்.

தேதி தவறிய பிறகு

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாதவருக்கு ஜூன் கடைசியிலேயே துணைத் தேர்வு உண்டு. அதில் தேறினால் அதே ஆண்டில் கல்லூரியில் சேர வழி இருக்கிறது. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புக்கும் துணைத் தேர்வு நடக்கிறது. முடிவு வரும் நாளுக்கு முந்தின இரவே இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் ஆறுதலாக மட்டுமே காதில் விழும், முன்பே சொன்னால் தகவலாக விழும்.

தவணை தவறியவர் போனை அணைத்து வைப்பதற்குப் பதிலாகக் கிளைக்கே போய், எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த மாதத்தில் விளைச்சல் பணம் வரும் என்பதையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடலாம்.

தூக்கம் பல நாள் கெட்டுப்போய், சாப்பாடு இறங்காமல், ‘இனி எதற்கு இருக்க வேண்டும்’ என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலாவது வந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் அப்போது முக்கியமில்லை. அவரைத் தனியாக விடாமல் உடன் இருக்க வேண்டும். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணிலும் பேசலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு 1098. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நேரில் அழைத்துப் போவதானால் அங்கே போகலாம்.